கோபம் இல்லாத ராஜினாமா

வேலையை விடுவதில் என்னைப் போல ஒரு சூரன் அந்தக் காலத்து மயிலாப்பூரிலேயே இருந்திருக்க மாட்டான். ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீல் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே வேலை. அதையே எத்தனை தடவை விட்டிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வக்கீலின் மைத்துனர் நான் துடைத்து வைத்த கதவின் மேல் வெற்றிலை எச்சிலை வழியவிட்டார், விட்டேன் வேலையை. அடையாற்றில் ஒரு சீமந்தத்துக்கு அழைத்துப் போய், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாமல் சாயங்காலம் வரை வெயிலில் காயவிட்டார்கள். அன்றைக்கும் விட்டேன். வண்டிச் சாவியை வராந்தா மேஜை மேல் 'டங்'கென்று வீசுவேன். "வேற ஆளைப் பாத்துக்கங்க!" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். தெருமுனை வரைக்கும் ராஜநடைதான். மறுநாள் விடிந்தால் ஷெட்டில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வீட்டில் இதற்குப் பழகிவிட்டார்கள். வக்கீல் ஐயா காலையில் பத்திரிகையும் கையுமாக வராந்தாவுக்கு வருவார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். "என்னடா, ராஜினாமா வாபஸ் ஆயிடுத்தா?" என்பார். உள்ளேயிருந்து அம்மா, அதாவது அவர் சம்சாரம், "நான்தான் நேத்திக்கே சொன்னேனே, கார்த்தால காப்பிக்கு வந்துடுவான்னு" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன். வேறென்ன செய்ய? வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்னும். எனக்கும் சேர்த்துக் காப்பி கலந்து வைத்திருக்கிறார்களே என்ற சந்தோஷமும் இருக்கும்.

நான் படிக்காதவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை போய், கணக்கில் கோட்டை விட்டு, வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். டிரைவர் வேலையில் பாதி காத்திருக்கிற வேலை. அந்த நேரத்தில் கடலை மடித்த காகிதம் கிடைத்தால்கூடப் பிரித்துப் படிப்பேன். பின்னாளில் நாலு வரி எழுத வந்தது அந்தப் பழக்கத்தால்தான். அதனாலோ என்னவோ, வார்த்தை என் காதில் கொஞ்சம் அதிகமாகவே குத்தும்.

அந்த வீட்டில் என்னைக் கட்டிப் போட்டதும் ஒரு வார்த்தைதான். வக்கீல் ஐயா என்னிடம் எதைச் சொன்னாலும் 'நம்ம' என்று சேர்த்துத்தான் சொல்வார். அவர்கள் பேச்சில் அது 'நம்மாத்து' என்று வரும். "நம்மாத்து வண்டி ஏண்டா இன்னிக்கு இருமறது?" "நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு பாக்காதே, நம்மாத்துப் பொண்ணைப் பாக்க வரா." "நம்ம கேஸ் ஜெயிச்சுடுத்துடா!" கோர்ட் வாசலைத் தாண்டி உள்ளே நான் கால் வைத்ததில்லை, ஆனாலும் நம்ம கேஸ் ஜெயித்துவிட்டது! அன்றைக்கு லஸ் மூலையில் நான்தான் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

லஸ்ஸில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் டிரைவர்கள் கூடுவோம். அடையாற்று டாக்டர் ஒருவரிடம் ஓட்டிய உருதுக்கார சிநேகிதன் ஒருவன் எனக்கு உண்டு. பெரிய வாயாடி. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டான்.

"இன்னா நைனா, நம்ம வூடு, நம்ம வூடுன்னு சொல்லிக்கினே கீறியே. அந்த வூட்ல உன் கட்டிலு எந்த ரூம்ல கீது?"

மரத்தடியே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடா, உனக்கு உன் டாக்டர் மூஞ்சி கொடுத்துப் பேசறதில்ல. வவுத்தெரிச்சல்" என்றேன். அவன் ஒப்புக்கொண்டான். "ஆமா நைனா, வவுத்தெரிச்சல்தான். எங்க டாக்டரு என்னை ஆளுன்னுகூடச் சொல்றதில்ல, காருன்றாரு. 'காரைக் கூப்புடு'ன்றாரு, நான் போய் நிக்கிறேன்."

ஜெர்மன்காரனோடு சண்டை வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வண்டியின் முதுகில் ஆளுயரத்துக்கு ஒரு கரி அடுப்பை ஏற்றி, அதிலிருந்து வரும் புகையில் ஓட்டச் சொன்னார்கள். விடியற்காலையில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கை ஓய விசிறிச் சக்கரத்தைச் சுற்றினால்தான் அரை மணி கழித்து எஞ்சின் மனசு வைக்கும். பாலத்து ஏற்றத்தில் திணறி நின்றுவிடும். நான் இறங்கிக் கிளறிவிட்டு வருவதற்குள் ஐயாவின் வெள்ளைத் தலைப்பாகை சாம்பல் நிறமாகியிருக்கும். என் முகத்தைக் கேட்கவே வேண்டாம். அத்தனைக்கும் நடுவில் ஒரு தடவைகூட நான் வேலையை விடவில்லை. நம்ம வண்டி கஷ்டப்படுகிறபோது எப்படி விடுவது?

அப்புறம்தான் அந்தப் பங்குனி. ஜப்பான்காரன் கப்பல் வந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டியது. தியாகராய நகரில் தெருத் தெருவாகப் பூட்டுத் தொங்கியது. மாட வீதியில் மாட்டு வண்டிக்காரன் கேட்டதுதான் கூலி. கோர்ட்டும் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. வக்கீல் ஐயா குடும்பத்தோடு கும்பகோணத்துக்குக் கிளம்பினார். எழும்பூர் ஸ்டேஷனில் அந்தக் கூட்டத்தில் டிரங்குப் பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினேன். வண்டி நகரும்போது ஐயா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை பிடித்ததில்லை.

"நம்மாத்தைப் பாத்துக்கோடா. உன்னை நம்பித்தான் போறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் என் இடுப்பில் இருந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்குப் போனேன். சாந்தோமில், கடலுக்குப் பக்கத்துச் சந்தில், ஓலைக் கூரை போட்ட ஒற்றை அறை. என் மனைவி பாத்திரங்களைப் பழம்புடவையில் கட்டிக்கொண்டிருந்தாள். அதே சந்தில் இருந்த அவள் அக்கா குடும்பம் பூந்தமல்லிப் பக்கம் கிளம்புகிறது, வண்டியில் இடமிருக்கிறது என்றாள். எங்கள் மகள், அப்போது பேச்சு நன்றாகத் திருந்தாத குழந்தை, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நீ வரலியா?" என்றாள் மனைவி.

"நான் எப்டி வர்றது? வூட்டை யாரு பாத்துக்கிறது?"

"எந்த வூட்டை?"

"நம்ம வூட்டைத்தான். ஆழ்வார்பேட்டையை."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நம்ம வூடுதானே? அப்ப நானும் கொயந்தையும் இன்னாத்துக்குப் பூந்தமல்லி போறோம்? அம்மாம் பெரிய கல்லுக் கட்டடம், குண்டு வுயுந்தாக்கூடத் தாங்கும். வா, மூணு பேரும் அங்கியே போயிக்கலாம்."

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். "அதெப்டி? ஐயாவை ஒரு வார்த்தை கேக்காம..." என்று இழுத்தேன்.

"ஐயாதான் ரயில் ஏறிட்டாரே."

"அதான் சொல்றேன்."

அவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "சரி, நீ நம்ம வூட்டைப் பாத்துக்க. நான் என் வூட்டை மூட்டை கட்டிக்கினு போறேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நேரம் காலம் தெரியாமல் நக்கல் பண்ணுகிறாய் என்று கத்தினேன். பதில் சொல்லத் தெரியாதபோது கத்துவது என் வழக்கம். மறுநாள் அவர்களை வண்டியேற்றிவிட்டு ஆழ்வார்பேட்டைக்குப் போய்விட்டேன்.

அந்த வீட்டை நான் காத்ததை இப்போது நினைத்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். தினம் காலையில் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பேன், வெயில் ஏறினால் மூடுவேன். வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று எஞ்சினிலிருந்து ஒரு சாமானைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். மல்லிகைக்குத் தண்ணீர் விட்டேன். தெருவில் நாய்களும் நானும்தான். சுவரேறிக் குதித்த இரண்டு பேரை வண்டியின் ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை விரட்டினேன். ஹாண்டிலைவிட என் கூச்சலுக்குத்தான் பயந்திருப்பார்கள். இவ்வளவும் செய்தேன், ஆனால் ஒரு நாள்கூட வீட்டுக்குள் படுக்கவில்லை. கூடம் முழுவதும் குளுகுளுவென்று காலியாகக் கிடக்க, நான் கரி மூட்டைக்குப் பக்கத்தில் ஷெட்டில்தான் துண்டை விரித்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பயம் கொஞ்சம் அடங்கியதும் என் மனைவிதான் முதலில் திரும்பி வந்தாள். அக்கா புருஷன் ஊரில் எத்தனை நாள் ஒண்டுவது? நான் மத்தியானத்தில் ஓர் எட்டுப் போய்ப் பார்ப்பேன். போனாலும் மனசு அங்கே ஒட்டாது. பின்கதவைப் பூட்டினோமா, ஜன்னலைச் சாத்தினோமா என்று கை சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். விளக்கு வைப்பதற்குள் ஆழ்வார்பேட்டைக்கு ஓடிவிடுவேன்.

மழைக்கு முன்னால் வக்கீல் குடும்பம் திரும்பியது. வீட்டில் ஒரு குண்டூசிகூட இடம் மாறவில்லை. அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தியாகராய நகரிலிருந்து வந்திருந்த இன்னொரு வக்கீலும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் அண்டா குண்டானெல்லாம் திருட்டுப் போய்விட்டதாம். ஐயா எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எங்காத்தை நீ ஒருத்தனா நின்னு காப்பாத்திக் குடுத்திருக்கே. நாங்கள்ளாம் உசுருக்குப் பயந்து ஓடிப்போனோம். எங்க சாமானை நீ உசுரா நினைச்சுப் பாத்துண்டே. இதை நாங்க மறக்கவே மாட்டோம்."

தியாகராய நகர்க்காரர் கைதட்டாத குறை. அம்மா உள்ளேயிருந்து பட்டுக்கரை வேஷ்டி கொண்டு வந்து கொடுத்தார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் என் காது அங்கேயே நின்றுவிட்டது. எங்காத்தை. நாங்கள். எங்க சாமானை. அத்தனை வருஷமாக 'நம்ம' என்று சொன்ன அதே வாய். திட்டும்போது சொல்லியிருந்தால் போகட்டும் என்று சாவியை வீசியிருப்பேன். பாராட்டும்போது சொன்னால் எதை வீசுவது?

மனைவியிடம் சொன்னேன். அவள் வேஷ்டியின் கரையைத் தடவிப் பார்த்தபடியே கேட்டாள். "நல்லாத்தானே சொல்லிகீறாரு? திட்னாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறே, புகழ்ந்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறே. அவரு இன்னாதான் சொல்லணும்ன்றே?"

எனக்கே விளங்கினால்தானே அவளுக்கு விளங்க வைப்பேன்! அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது அவர் வீடு. அவர் சாமான். கும்பகோணத்துக்கு ஓடியது அவர்கள். காவல் இருந்தது நான். நடந்ததை நடந்தபடி சொன்னார். மனுஷன் நெஞ்சு நெகிழ்ந்து சொன்னார். அப்படி நெகிழ்ந்தபோது மனசில் உள்ளது வாயில் வந்துவிட்டது.

அடுத்த வாரமே ஒரு சாக்குக் கிடைத்தது. மைத்துனர் வண்டிக் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். அவ்வளவுதான், சாவியை வீசினேன், துண்டை உதறினேன், நடந்தேன். மறுநாள் காலையில் ஷெட்டில் கரியைக் கொட்டிக்கொண்டிருந்தேன். "ராஜினாமா வாபஸ் ஆயிடுத்தா?" என்றார் ஐயா. "நம்மாத்து வண்டியை உன்னைத் தவிர யார்டா கிளப்புவா?" என்றும் சொன்னார். நான் சிரித்தேன். அவர் பழைய 'நம்ம'வுக்கே வந்துவிட்டார். இடையில் அது காணாமல் போனதே அவருக்குத் தெரியாது.

ஆனால் எனக்கு அது ஒரு வியாதியாகப் பிடித்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்தாலே எது வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்போது 'நம்ம' வந்தது. ராத்திரிக் கச்சேரிக்குக் காத்திருக்கச் சொல்லும்போது 'நம்ம' வந்தது. நன்றி சொல்லும்போது மட்டும் 'எங்க'. பாவம், அவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது.

இதற்கிடையில் என் உருதுக்கார சிநேகிதன் டாக்டரை விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டான். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் போகிற கரி பஸ். டிரைவருக்கு ஆள் தேடுகிறார்கள், வருகிறாயா என்று மரத்தடிக்கு வந்து கேட்டான்.

"ஷிஃப்ட்டு முடிஞ்சா சாவியக் குட்த்துட்டு வூட்டுக்குப் போயிக்கினே இருக்கலாம் நைனா. காத்திருக்கிற பேச்சே கெடையாது. நீ வண்டியக் கெளப்பினா ஊருதான் உனக்காகக் காத்துக்கினு கீது."

"நான் வந்துட்டா ஐயா கோர்ட்டுக்கு எப்டிப் போவாரு?" என்றேன்.

"ரிக்‌ஷால போவாரு" என்றான்.

அவனோடு ரெண்டு நாள் பேசவில்லை. அவன் சொன்னதில் எரிச்சல் வர என்ன இருந்தது என்று கேட்டால், அது உண்மையாக இருந்ததுதான். நான் இல்லாவிட்டால் அவர் ரிக்‌ஷாவில் போவார். அடுத்த வாரம் வேறு டிரைவர் வருவான். அவனும் 'நம்மாத்து' டிரைவர் ஆவான். இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் விடவில்லை. தெரிந்துவிட்டால் மட்டும் காலைத் தூக்கி வெளியே வைத்துவிட முடிகிறதா? வருஷக் கணக்கில் பழகின வாசல். காப்பியின் ருசிகூட நாக்கில் ஏறியிருந்தது. ஒரு வார்த்தைக்காக வேலையை விட்டான் என்றால் ஊர் சிரிக்காதா?

ஐயா குடும்பம் திரும்பிய பிறகும், விடியற்காலையில் கரி பற்றவைக்க வேண்டுமென்று ராத்திரியில் நான் ஷெட்டிலேயேதான் படுத்துக்கொண்டிருந்தேன். தையில் ஒருநாள் மத்தியானம் ஐயாவுக்கு ஜலதோஷம், வண்டி வேண்டாம், வீட்டுக்குப் போ என்றார்கள். சாந்தோமுக்கு நடந்தேன். என் மகள் சந்தில் மீன்காரி வீட்டுப் பிள்ளைகளோடு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்குள் பேச்சு நன்றாகத் திருந்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"குனிஞ்சி வா நைனா, தலை இடிச்சிக்கும்" என்றாள். நானே போட்ட கூரை அது. குனிந்தேன்.

பாயை இழுத்துப் போட்டாள். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அவள் பெரிய மனுஷி மாதிரி எதிரே நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இது எங்க பானை, புச்சு. பயசு ஒட்ஞ்சி போச்சி. இது எங்க பூனை, ஆனா பெரிம்மா வூட்லயும் துன்னும். மயை பேஞ்சா எங்க வூட்ல அந்த மூலைல ஒயுவும், நீ அங்க உக்காராத." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன். அவள் தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் தூக்கித் தளும்பத் தளும்பக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"எங்க வூட்ல இன்னிக்கிக் கருவாட்டுக் கொயம்பு. துன்னுட்டுத்தான் போணும், இன்னா?"

அடுப்பங்கரையில் என் மனைவியும் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். குழந்தையைத் திருத்த வாயெடுத்தவள் திருத்தவில்லை. குழம்பைக் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்ன சொல்லித் திருத்துவாள்? குழந்தை தப்பாகப் பேசவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படித்தான் பேசியது. வக்கீல் ஐயா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, வலித்தது, அழுகைகூட வந்தது. இந்தப் பொடிசு சொன்னபோது ஒன்றுமே வரவில்லை. சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

கோபத்தில் விட்ட வேலைக்குத் திரும்பிப் போவது சுலபம். கோபம் ஆறினால் போதும், கால் தானாகப் போய்விடும். அன்றைக்கு ஆழ்வார்பேட்டைக்குத் திரும்பி நடந்தபோது எனக்கு யார் மேலும் கோபமில்லை. மைத்துனர் மேல்கூட இல்லை. அதனால்தான் இது வேறே என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வண்டியைத் துடைத்தேன், அடுப்பில் சாம்பலை வாரிக் கொட்டினேன், எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, எந்தக் குழாய் அடைக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் அடுத்து வருகிறவனுக்காகக் குறித்து வண்டியிலேயே வைத்தேன். பிறகு வராந்தாப் படியில் நின்றேன். ஐயா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அம்மா காப்பியோடு வந்தார்.

"ஐயா, இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேங்க" என்றேன்.

ஐயா பத்திரிகையை இறக்காமலே சிரித்தார். "யார்டா இன்னிக்கு? மச்சினன் ஊர்லயே இல்லையே?"

"யாரும் ஒண்ணும் பண்ணலீங்க. பஸ் ஓட்டப் போறேன்."

"சம்பளம் பத்தலையா? சொல்லேன், பாத்துக்கலாம்."

"அதில்லீங்க ஐயா. எனக்கு சாயங்காலம் வூட்ல இருக்கணும்."

"இவ்வளவுதானே? சீக்கிரம் போயேன், யார் வேண்டாம்னா?" என்று வக்கீல் குரலில் ஆரம்பித்தவரை அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். டவரா டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். எத்தனையோ ராஜினாமாக்களைப் பார்த்த முகம் அது.

"ஏன்னா, இவன் கோவிச்சுக்கவே இல்லையே" என்றார் மெதுவாக. "இவன் நெஜமாவே போறான்."

ஐயா பத்திரிகையை மடித்தார். எழுந்து வந்து, ஸ்டேஷனில் பிடித்த மாதிரி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டோமா?" என்று கேட்டார். நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவர், புரிந்துகொண்டிருப்பார். சொன்னால் அவர் திருத்திக்கொள்வார், நான் இருந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. "அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அம்மா அன்றைக்கு ஊற்றிய காப்பி ஆறிப்போகும் வரை நான் குடிக்காமல் நின்றதையும், அவர் அதைச் சுட வைத்துத் திரும்பக் கொடுத்ததையும் மறக்கவில்லை. நல்ல மனுஷர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன்.

மாசம் முடிந்து பஸ்ஸில் ஏறினேன். முதல் நாள் ஷிஃப்ட் மத்தியானத்தோடு முடிந்தது. முகத்துக் கரியைச் சந்துக் குழாயில் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், பாயில் படுத்துத் தூங்கிவிட்டேன். என் வீட்டில் பகலில் அப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்றோ தெரியாது. எழுந்தபோது வெயில் போய்விட்டது. மனைவி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஆணி எட்டாமல், பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி எடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, கையில் என் சட்டை.

"எய்ந்திரு நைனா, இருட்டிப் போச்சி" என்றாள். "உங்க வூட்டுக்குப் போ. அவுங்க தேடுவாங்க."

மனைவி துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சட்டையை வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டு மறுபடியும் படுத்தேன். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. வெகுநேரம் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.